லைன்பேக்கர்: எதிரியின் ஆட்டத்தைப் படித்துப் பிழைக்கும் தொழில்

அமெரிக்கன் ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்க உட்காருபவரின் கண் முதலில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் மேல்தான் போகும். பந்து அவர் கைக்குத்தான் வருகிறது, கேமராவும் அவரைத்தான் காட்டுகிறது, விளம்பரத்தில் சிரிப்பதும் அவர்தான். அவருக்கு நேர் எதிரே, நாலைந்து யார்டு தள்ளி, முழங்காலை லேசாக மடக்கியபடி கையை ஆட்டி ஏதோ கத்திக்கொண்டே ஒருவர் நிற்பார். அவர்தான் லைன்பேக்கர். எதிரணி என்ன செய்யப் போகிறது என்பதை அது நடப்பதற்கு முன்பே கண்டுபிடிப்பது அவர் வேலை. கண்டுபிடித்ததும் ஓடிப்போய், தன்னைப் போலவே நூறு கிலோ இருக்கும் ஓர் ஆளை மோதித் தரையில் சாய்ப்பதும் அவர் வேலைதான்.

இந்த இரண்டும் ஒரே ஆளின் தலையில் விழுவதுதான் இந்தத் தொழிலின் சிக்கல். படிக்கிற வேலையில் ஆண்டுகள் போகப் போக ஆள் தேறிக்கொண்டே வருவார். மோதுகிற வேலையில் அதே ஆள் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டே போவார். ஒரு லைன்பேக்கரின் தொழில்வாழ்க்கை என்பது இந்த இரண்டு கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பதுதான். அதைப் புரிந்துகொள்ள லூக் கீக்லியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. கரோலினா பாந்தர்ஸ் அணிக்காக 2012 முதல் 2019 வரை எட்டு சீசன் ஆடியவர். அவரை நடுவில் வைத்துக்கொண்டு மற்றவர்களையும் பார்க்கலாம்.

ஆட்டத்தில் அவர் இடம்

விதிகள் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு பக்கம் 11 பேர். தாக்குபவர்கள் வேறு, தடுப்பவர்கள் வேறு. பந்து கைமாறினால் கிட்டத்தட்ட மொத்தக் கூட்டமும் மாறிவிடும். தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும். ஒரு யார்டு என்பது ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடியும் முன்னேறலாம், எறிந்தும் முன்னேறலாம்.

தடுக்கும் அணி மூன்று அடுக்காக நிற்கும். முன்வரிசையில் மூன்று அல்லது நான்கு பெரிய ஆட்கள், எதிரணியின் பெரிய ஆட்களோடு நேருக்கு நேர் முட்டுவதற்காக. கடைசியில் வேகமான, சற்று ஒல்லியான ஆட்கள், தூரத்தில் எறியப்படும் பந்தைக் காப்பதற்காக. இரண்டுக்கும் நடுவே லைன்பேக்கர்கள். அவர்கள் முன்வரிசைக்காரரைப் போல முட்டவும் வேண்டும், பின்வரிசைக்காரரைப் போல ஓடவும் வேண்டும். கீக்லியின் உயரம் ஆறடி மூன்று அங்குலம், எடை ஏறக்குறைய 108 கிலோ. அந்த உடம்போடு, தன்னைவிட இருபது முப்பது கிலோ குறைந்தவர்களைத் துரத்திப் பிடிக்க வேண்டும்.

நடுவில் நிற்பவரைப் பயிற்சியாளர்கள் மைக் என்பார்கள். எதிரணியின் பலம் அதிகமாக நிற்கும் பக்கம் இருப்பவர் சாம், மறுபக்கம் இருப்பவர் வில். எல்லாம் வெறும் குறிப்புப் பெயர்கள்தான், ஆனால் எந்த அணிக்குப் போனாலும் இந்தப் பெயர்கள் செல்லுபடியாகும். முன்வரிசையில் நால்வர், லைன்பேக்கர் மூவர் என்றால் நான்கு-மூன்று அமைப்பு. முன்வரிசையில் மூவர், லைன்பேக்கர் நால்வர் என்றால் மூன்று-நான்கு. இப்போது பந்தை எறிவது மிகவும் கூடிவிட்டதால், பெரும்பாலான நேரம் இரண்டே லைன்பேக்கர்களை வைத்துக்கொண்டு ஐந்து பின்வரிசைக்காரர்களை இறக்குகிறார்கள். மூன்றாவது லைன்பேக்கர் என்ற பிழைப்பே மெலிந்துபோய்விட்டது.

இந்த இடம் ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே இன்றைய வடிவில் இருந்ததில்லை. சிகாகோ பேர்ஸ் அணியின் பில் ஜார்ஜ் முன்வரிசையின் நடுவில் குனிந்து நின்று முட்டுபவராக இருந்தார். தன் தலைக்கு மேலே குட்டையாகப் பந்தை எறிந்து எறிந்து எதிரணி ஏய்க்கிறது என்று கண்டு, 1954-இல் ஓர் ஆட்டத்தில் பின்னால் நகர்ந்து நிமிர்ந்து நின்றார். முதல் மிடில் லைன்பேக்கர் அவர்தான் என்று பலரும் சொல்வார்கள். கொஞ்ச காலத்தில் நியூயார்க் ஜயண்ட்ஸின் சாம் ஹஃப் அந்த இடத்தை நாடறியச் செய்தார். 1959-இல் டைம் பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது. அப்புறம் 1965-இல் சிகாகோவுக்கு டிக் பட்கஸ் வந்தார். அவர் மேல் எதிரணிக்கு இருந்த பயம் இன்றைக்கும் கதையாகச் சொல்லப்படுகிறது. முழங்கால் பழுதாகி ஒன்பது சீசனில் முடித்துக்கொண்டார். கல்லூரி அளவில் சிறந்த லைன்பேக்கருக்குத் தரும் விருது இன்று அவர் பெயரில் இருக்கிறது.

அரை நொடிப் படிப்பு

நடு லைன்பேக்கர் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விக்குத்தான் பதில் தேடுகிறார்: ஓடப் போகிறார்களா, எறியப் போகிறார்களா? ஓட்டம் என்றால் உடனே முன்னால் பாய்ந்து முன்வரிசையில் விழும் இடைவெளியை அடைக்க வேண்டும். எறிதல் என்றால் உடனே பின்னால் ஓடி, பந்து வரக்கூடிய இடத்தில் நிற்க வேண்டும். இரண்டும் நேர் எதிர்த்திசை. தப்பாக ஓர் அடி வைத்துவிட்டால் திரும்பி வருவதற்குள் வேலை முடிந்துவிடும்.

இது எதிரணிக்கும் தெரியும். அதனால்தான் பிளே ஆக்‌ஷன் என்றொரு தந்திரம். குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரர் வயிற்றில் வைப்பது போல நீட்டுவார், ஓட்டக்காரரும் வாங்கிக்கொண்டது போலக் குனிந்து ஓடுவார், ஆனால் பந்து இன்னும் குவார்ட்டர்பேக்கிடமே இருக்கும். இந்த நாடகம் முழுக்க முழுக்க லைன்பேக்கர்களுக்காகவே போடப்படுவது. அவர்கள் இரண்டடி முன்னால் வந்துவிட்டால் போதும், அவர்கள் முதுகுக்குப் பின்னால் காலியாகும் இடத்தில் பந்து விழும்.

அதனால் நல்ல லைன்பேக்கர் பந்தைப் பார்ப்பதில்லை. எதிரணியின் முன்வரிசையில் நிற்கும் கார்டு என்ற ஆட்டக்காரரின் முதல் அடியைப் பார்ப்பார். அவர் பாரத்தை விரல்மேல் போட்டு முன்சாய்ந்து நிற்கிறாரா, இல்லை குதிகாலில் தளர்ந்து நிற்கிறாரா? முன்னால் உந்தினால் ஓட்டமாக இருக்கலாம், பின்வாங்கி நிமிர்ந்தால் எறிதல், பக்கவாட்டில் கிளம்பினால் அவர் போகும் திசையில் ஓட்டம். பந்தை ஒளித்து ஏய்ப்பது குவார்ட்டர்பேக்குக்குச் சுலபம். 140 கிலோ ஆள் தன் கால்களை ஒளிப்பது சுலபமில்லை.

கால்களைப் பார்ப்பதோடு முடியவில்லை. எந்த வாய்ப்பு, எத்தனை யார்டு தேவை, மைதானத்தின் எந்தப் பகுதி, பந்து பிடிப்பவர்கள் எப்படி அணிவகுத்திருக்கிறார்கள், இதே அணி இதே நிலையில் போன மாதம் என்ன செய்தது? இதெல்லாம் வாரம் முழுக்க வீடியோ பார்த்துச் சேர்த்து வைப்பது. ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறு. திங்களன்று முடிந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்த்துத் திட்டு வாங்குவார்கள். செவ்வாய் வழக்கமாக ஓய்வு. புதன், வியாழன் அடுத்த எதிரணிக்கான பயிற்சி. இதற்கெல்லாம் வெளியே, ஆட்டக்காரர் வீட்டில் உட்கார்ந்து தனியாகப் பார்க்கும் நேரத்துக்குக் கணக்கு கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் முரட்டு வேலை; உள்ளே பாதிக்குமேல் தேர்வுக்குப் படிப்பது போலத்தான்.

2008 முதல் தடுக்கும் அணியிலும் ஒருவர் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்துக்கொள்ளலாம் என்று விதி வந்தது. அந்த ஹெல்மெட்டின் பின்னால் பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும். பெரும்பாலும் அது நடு லைன்பேக்கர் தலையில்தான் இருக்கும். பயிற்சியாளர் சொல்லும் திட்டத்தைக் கேட்டு மற்ற பத்துப் பேருக்கும் சொல்வார். அடுத்த ஆட்டம் தொடங்க 15 நொடி இருக்கும்போது ரேடியோ அறுந்துவிடும். அதற்குப் பிறகு எதிரணி இடம் மாறினால், திட்டத்தை மாற்ற வேண்டியது அவரேதான்.

கீக்லியின் பெயர் இங்கேதான் வருகிறது. எதிரணி செய்யப் போவதை அவர் பந்து நகர்வதற்கு முன்பே உரக்கச் சொல்லிவிடுவார், அப்படியே நடக்கும். மைதானத்து மைக்கில் அவர் குரல் பதிவாகி, தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கே அது விளங்கத் தொடங்கியது. 2015 நவம்பரில் டல்லஸ் கவ்பாய்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் அவர்களின் குவார்ட்டர்பேக் டோனி ரோமோ அடுத்தடுத்து எறிந்த இரண்டு பந்துகளை இவர் பிடித்தார். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி ஓடிப்போய் டச்டவுனும் போட்டார். அந்த சீசனின் பிளே ஆஃபிலும் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் எதிரணி எறிந்ததைப் பிடித்து டச்டவுன் போட்டார். பந்து எங்கே வரும் என்று முன்பே தெரிந்த ஆள் அங்கே போய் நிற்பது போலத்தான் இருக்கும் அந்தக் காட்சிகள்.

உள்ளே நுழையும் வாசல்கள்

வழக்கமான பாதை இது: உயர்நிலைப் பள்ளி அணி, கல்லூரி அணி, அப்புறம் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது. பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தால்தான் டிராஃப்டுக்கு வரலாம். கீக்லி சின்சினாட்டியில் பிறந்தவர், அங்கே செயின்ட் சேவியர் பள்ளியில் படித்தார், அப்புறம் பாஸ்டன் காலேஜ். அங்கே மூன்று சீசனில் 532 டேக்கிள், அதாவது பந்தோடு வருபவரை மடக்கிச் சாய்த்தது. 2011-இல் பட்கஸ் விருது. நான்காம் ஆண்டுக்குக் காத்திராமல் டிராஃப்டுக்கு வந்துவிட்டார். அந்தக் காலத்தில் கல்லூரி ஆட்டக்காரருக்கு உதவித்தொகைக்கு மேல் சம்பாதிக்க வழியில்லை. 2021-க்குப் பிறகுதான் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து அவர்கள் பணம் வாங்கலாம் என்றானது.

டிராஃப்டுக்கு முன்பாக இண்டியானாபொலிஸில் தேர்வு முகாம் நடக்கும். 40 யார்டு ஓட்டம், நின்ற இடத்திலிருந்து மேலே எம்புவது, 225 பவுண்டு பாரத்தை எத்தனை முறை தூக்குகிறார் என்பது போன்ற அளவுகள். லைன்பேக்கருக்கு இவை எல்லாம் பாதிப் படம்தான். படிக்கும் திறனை எந்த ஸ்டாப்வாட்சாலும் அளக்க முடியாது. அதனால்தான் இந்த இடத்தில் கணிப்புகள் அடிக்கடி பொய்த்துப்போகின்றன. 2012 டிராஃப்டில் கீக்லி ஒன்பதாவது ஆளாகப் போனார், சரி. அதே ஆண்டு பாபி வாக்னர் 47-ஆவது ஆளாக சியாட்டிலுக்கும், லவான்டே டேவிட் 58-ஆவது ஆளாக டாம்பா பேவுக்கும் போனார்கள். இருவருமே பத்து சீசனைத் தாண்டி ஆடினார்கள்.

டிராஃப்டில் ஏழு சுற்று; அதில் யாரும் எடுக்காதவர்களுக்கும் ஒரு வாசல் உண்டு. கோடைகால முகாமுக்கு ஓர் அணி 90 பேரைக் கூட்டும். சீசன் தொடங்கும்போது 53 பேர்தான் இருக்கலாம். மிச்சமிருப்பவர்களில் 16 பேர் வரை பயிற்சி அணியில் குறைந்த சம்பளத்துக்கு வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் வீட்டுக்கு. பட்டியலின் விளிம்பில் இருக்கும் லைன்பேக்கரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் ஸ்பெஷல் டீம், அதாவது பந்தை உதைக்கும்போது இறங்கும் கூட்டம். லைன்பேக்கர் உடம்பு அந்த வேலைக்குக் கச்சிதம்: வேகமும் உண்டு, மோதும் பாரமும் உண்டு. தன் சொந்த இடத்தில் ஒரு வாய்ப்பும் கிடைக்காமல் இதை வைத்தே ஆண்டுக்கணக்கில் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள்.

டிராஃப்ட் ஆகாதவர்களின் கதைகளில் எனக்குப் பிடித்தது சாம் மில்ஸ். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். நியூஜெர்சியின் மான்ட்கிளேர் ஸ்டேட் என்ற சிறு கல்லூரியிலிருந்து வந்தவரை 1981-இல் கிளீவ்லேண்ட் அணி கழித்துவிட்டது, அடுத்த ஆண்டு கனடாவின் டொரன்டோ அணியும் கழித்துவிட்டது. பள்ளியில் ஆசிரியராகப் போனார். யு.எஸ்.எஃப்.எல். என்று ஒரு புதிய லீக் 1983-இல் தொடங்கியபோது பிலடெல்பியா ஸ்டார்ஸ் அணியில் இடம் கிடைத்தது. அந்தப் பயிற்சியாளர் ஜிம் மோரா 1986-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்குப் போனபோது மில்ஸையும் கூட்டிக்கொண்டு போனார். என்.எஃப்.எல்.லில் முதல் ஆட்டம் ஆடும்போது அவருக்கு 27 வயது. அதிலிருந்து 12 சீசன், ஐந்து முறை ப்ரோ பௌல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு. கடைசி மூன்று சீசனை, 1995-இல் புதிதாகத் தொடங்கிய கரோலினா பாந்தர்ஸுக்கு ஆடினார். பிறகு அங்கேயே லைன்பேக்கர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 2003-இல் குடல் புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்கு நடுவிலும் வேலைக்கு வந்தவர், பிளே ஆஃப் ஆட்டத்துக்கு முன்பு வீரர்களிடம் பேசியபோது சொன்ன ‘கீப் பவுண்டிங்’ என்ற சொற்கள்தான் இன்றைக்கும் அந்த அணியின் முழக்கம். 2005-இல் இறந்தார். 2022-இல்தான் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள்.

குள்ளமானவர், சிறு கல்லூரிக்காரர் என்று ஒதுக்கப்பட்டவர் அவர் மட்டுமில்லை. ஜான் கேரல் கல்லூரியின் லண்டன் ஃப்ளெட்சரையும் 1998-இல் யாரும் டிராஃப்ட் செய்யவில்லை. 16 சீசன் ஆடி, ஓர் ஆட்டம்கூடத் தவறவிடாமல் 256 ஆட்டங்களோடு முடித்தார். ஜேம்ஸ் ஹாரிசனைத் திரும்பத் திரும்ப அணியிலிருந்து நீக்கினார்கள். 2008-இல் அவர் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர். அந்த சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் தன் கோட்டருகே பந்தைப் பிடித்து 100 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். இந்தியத் தந்தைக்குப் பிறந்த பிராண்டன் சில்லர் என்ற லைன்பேக்கரும் உண்டு. 2004 டிராஃப்டில் நான்காம் சுற்றில் எடுக்கப்பட்டு, செயின்ட் லூயிஸிலும் கிரீன் பேயிலும் ஆடினார்.

எண்களும் பணமும்

லைன்பேக்கரின் மதிப்பைச் சொல்ல டேக்கிள் எண்ணிக்கையைக் காட்டுவார்கள். கீக்லி முதல் சீசனிலேயே 164 டேக்கிளோடு லீக்கில் முதலிடம், சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருது. அடுத்த ஆண்டே சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. 2013 டிசம்பரில் செயின்ட்ஸுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 24 டேக்கிள் கணக்கில் எழுதினார்கள். நல்ல எண்தான், ஆனால் இந்தக் கணக்கை நான் அவ்வளவாக நம்புவதில்லை. எதிரி இரண்டு யார்டு போவதற்குள் மடக்கியதும் ஒரு டேக்கிள், பத்து யார்டு போகவிட்டு மடக்கியதும் ஒரு டேக்கிள். முன்வரிசை மோசமாக இருக்கும் அணியில் லைன்பேக்கரின் எண்ணிக்கை தானாகவே ஏறும். அவர் சரியான இடத்தில் நின்றதால் குவார்ட்டர்பேக் பந்தை எறியாமலே விட்டது எந்தக் கணக்கிலும் வராது.

பணத்துக்கு வருவோம். 2011 முதல் புதுமுகங்களின் சம்பளம் டிராஃப்ட் வரிசைப்படி கிட்டத்தட்ட நிர்ணயிக்கப்பட்டது. பேரம் பேச அதிகம் இடமில்லை. ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள். முதல் சுற்றுக்காரரை ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு. கீக்லிக்கு முதல் ஒப்பந்தம் சுமார் 1.25 கோடி டாலர். உண்மையான பணம் இரண்டாவது ஒப்பந்தத்தில்தான்: 2015-இல் ஐந்தாண்டுக்கு சுமார் 6.2 கோடி டாலர். அதே நேரம் பட்டியலின் அடியில் இருக்கும் புதுமுகத்துக்கு 2025-இல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 8.4 லட்சம் டாலர். கேட்க அதிகம்தான். ஆனால் அது முழு சீசனும் அணியில் இருந்தால் கிடைப்பது. ஒரு சராசரி ஆட்டக்காரரின் என்.எஃப்.எல். வாழ்வு 3.3 ஆண்டு என்று ஆட்டக்காரர் சங்கம் சொல்கிறது. முதல் ஆண்டிலேயே சீசன் தொடக்க அணியில் இடம்பிடித்தவர்களை மட்டும் எண்ணினால் அதைவிட அதிகம் என்று லீக் வாதிடும். இரண்டிலும் உண்மை உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செய்தியில் வரும் ஒப்பந்தத் தொகை முழுவதும் உறுதியானதல்ல. உறுதிசெய்யப்பட்ட பகுதி போக மிச்சத்தை, ஆளை நீக்கினால் அணி கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் அணியும் மொத்தச் சம்பளத்தை உச்சவரம்புக்குள் வைத்திருக்க வேண்டும். 2025-இல் அது 27.92 கோடி டாலர். வயது 30-ஐத் தாண்டிய, சம்பளம் கூடிய லைன்பேக்கர் இந்தக் கணக்கில் முதலில் கண்ணில் படுவார். பத்து சீசன் சியாட்டிலின் நடுநாயகமாக இருந்த பாபி வாக்னரையே 2022 மார்ச்சில் நீக்கினார்கள். இத்தனைக்கும் அவர் 2019-இல் ஏஜென்ட் இல்லாமல் தானே பேசி மூன்றாண்டுக்கு 5.4 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டவர்.

லைன்பேக்கர் என்ற ஒரே பெயரில் இரண்டு சந்தை இருப்பதும் இங்கேதான் தெரியும். 1981-இல் நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு வந்த லாரன்ஸ் டெய்லர், வெளிப்புறத்திலிருந்து நேராகக் குவார்ட்டர்பேக் மேல் பாய்வதையே முழுநேர வேலையாக மாற்றினார். 1986-இல் லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதே அவருக்குப் போனது. அதன் பிறகு எந்தத் தடுப்பாட்டக்காரருக்கும் அது கிடைக்கவில்லை. அவர் வழியில் வந்தவர்களை இன்று எட்ஜ் என்கிறார்கள். நடுவில் நின்று படிக்கும் ரோக்வான் ஸ்மித் 2023-இல் பால்டிமோரில் ஐந்தாண்டுக்கு 10 கோடி டாலர் வாங்கியது பெரிய செய்தி. விளிம்பிலிருந்து பாயும் மைக்கா பார்சன்ஸ் 2025-இல் கிரீன் பேயில் நான்காண்டுக்கு 18.8 கோடி வாங்கினார். பார்சன்ஸ் கல்லூரியில் நடுவில் நின்றவர்தான். குவார்ட்டர்பேக்கைத் தொட்டவருக்குப் பணம், அவர் மனத்தைப் படித்தவருக்குப் பாராட்டு என்று சந்தை முடிவு செய்துவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை, ஆனால் அணிகள் என்னைக் கேட்பதில்லை.

உடம்பு சொல்லும் பதில்

கீக்லியின் உச்சமும் சரிவும் ஒன்றாகவே வந்தன. 2015 சீசனில் பாந்தர்ஸ் 15 வெற்றி, ஒரே தோல்வி. சூப்பர் பௌல் வரை போய் டென்வரிடம் தோற்றது. அந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே அவருக்குத் தலையில் அடி, கன்கஷன். மூன்று ஆட்டம் வெளியே. 2016 நவம்பரில் செயின்ட்ஸுக்கு எதிராக ஒரு மோதலுக்குப் பிறகு எழுந்தவர், அடக்க முடியாமல் அழுதார். வண்டியில் உட்காரவைத்து வெளியே கொண்டுபோனார்கள். தலைக் காயம் மனத்தின் கட்டுப்பாட்டை அப்படிக் குலைக்கும் என்பதை நாடே நேரலையில் பார்த்தது. அந்த சீசனில் அவர் மறுபடி ஆடவில்லை. 2017 அக்டோபரில் மறுபடி ஒரு கன்கஷன்.

கன்கஷன் என்றால் மண்டை ஓடு உடைவதல்ல. வேகமாக வந்த தலை சட்டென்று நிற்கும்போது மூளை உள்ளே குலுங்குவது. ஹெல்மெட் ஓட்டைக் காக்கும், குலுங்கலை முழுக்கத் தடுக்காது. இப்போது சந்தேகம் வந்தாலே ஆட்டக்காரரை வெளியே எடுக்க வேண்டும், அணியைச் சாராத நரம்பியல் மருத்துவரும் பார்க்க வேண்டும், படிப்படியாகத்தான் திரும்பலாம். 2018 முதல் தலையைத் தாழ்த்தி ஹெல்மெட்டால் மோதுவது தண்டனைக்குரியது. முந்தைய ஆண்டு டிசம்பரில் பிட்ஸ்பர்க் லைன்பேக்கர் ரையன் ஷசியர் தலை தாழ்ந்த நிலையில் மோதி முதுகுத்தண்டில் அடிபட்டார். மறுபடி நடக்கக் கற்றுக்கொண்டார், ஆனால் அதன் பிறகு ஆடவில்லை.

ஒரே பெரிய அடியைவிட, கணக்கில் வராத ஆயிரக்கணக்கான சிறு மோதல்கள்தான் ஆராய்ச்சியாளர்களுக்குக் கவலை. மூளையில் டௌ என்ற புரதம் தேங்கி மெல்லச் சிதைக்கும் நோய் ஒன்று உண்டு, சி.டி.இ. என்பார்கள். இறந்த பிறகு மூளையைச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டதில், முன்னாள் என்.எஃப்.எல். ஆட்டக்காரர்கள் 111 பேரின் மூளையில் 110-இல் அது இருந்தது. ஏற்கெனவே அறிகுறி கண்ட குடும்பங்களே பெரும்பாலும் தானம் கொடுத்தன என்பதால், எல்லா ஆட்டக்காரருக்கும் அதே விகிதம் என்று அர்த்தமில்லை. ஆனாலும் ஜூனியர் சேயாவை யாராலும் மறக்க முடியவில்லை. சான் டியேகோவின் பெருமை, 20 சீசன் ஆடிய லைன்பேக்கர். 2012 மே மாதம் 43 வயதில் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு அவர் மூளையில் சி.டி.இ. இருந்தது உறுதியானது.

இந்தப் பின்னணியில்தான் 2015 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ அணியில் ஒரே மாதத்தில் இருவர் விலகினார்கள். பேட்ரிக் வில்லிஸுக்கு 30 வயது, எட்டு சீசன். பாதங்கள் ஒத்துழைக்கவில்லை என்றார். கிறிஸ் போர்லாண்டுக்கு 24 வயது, ஒரே சீசன், அதுவும் அருமையான சீசன். மூளைக்கு வரக்கூடிய ஆபத்தைப் பற்றித் தேடிப் படித்துவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டார். சேரும்போது வாங்கிய போனஸில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்.

கீக்லி 2018, 2019 இரண்டு சீசனும் முழுவீச்சில் ஆடினார். 2013 முதல் ஒவ்வோர் ஆண்டும் ப்ரோ பௌல் தேர்வு, மொத்தம் ஏழு முறை. 2020 ஜனவரி 14 அன்று ஒரு வீடியோவில் விலகலை அறிவித்தார். வயது 28. ஆட ஆசைதான், ஆனால் வேகமாகவும் பலமாகவும் மோதி ஆடுவது ஒன்றுதான் தனக்குத் தெரிந்த முறை, அதை இனி செய்ய முடியும் என்று தோன்றவில்லை என்ற பொருளில் பேசினார். கணக்கு 118 ஆட்டம், 1,092 டேக்கிளோடு நின்றது. படிக்கும் கண்ணுக்கு ஒரு குறையும் வரவில்லை. இன்னும் ஏழெட்டு ஆண்டுக்கு அது தாங்கியிருக்கும்.

அப்புறம்

மூன்று சீசன் கணக்கில் சேர்ந்தால்தான் ஓய்வூதிய உரிமை. அதனால் விளிம்பில் இருப்பவர்களுக்கு மூன்றாவது சீசன் எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பாருங்கள். மூளைப் பாதிப்புக்காக முன்னாள் ஆட்டக்காரர்கள் போட்ட வழக்கில் 2015-இல் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த சமரசத்தின்படி லீக் நூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறது.

பெயர் பெற்றவர்களில் பலர் தொலைக்காட்சிக்குப் போவார்கள். ஆனால் லைன்பேக்கர்கள் பயிற்சியாளராவது தனிக்கதை. மைதானத்தில் பதினோரு பேரின் வேலையையும் தெரிந்து வைத்திருந்தவர்கள் என்பதால் அந்த மாற்றம் அவர்களுக்கு இயல்பாக வருகிறது. 1985 சிகாகோ அணியின் லைன்பேக்கர் ரான் ரிவேராதான் கரோலினாவில் கீக்லியின் தலைமைப் பயிற்சியாளர். நியூ இங்கிலாந்தில் ஆடிய மைக் வ்ரேபல், ஜெராட் மேயோ இருவரும் தலைமைப் பயிற்சியாளர் ஆனவர்கள். கீக்லியும் விலகிய அதே ஆண்டில் பாந்தர்ஸுக்காக மற்ற அணிகளின் ஆட்டக்காரர்களை எடைபோடும் வேலையில் சேர்ந்தார். ஒரு சீசனோடு அதை விட்டுவிட்டார்.

ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் 2006 டிராஃப்டில் இரண்டாம் சுற்றில் டெமேக்கோ ரையன்ஸ் என்ற லைன்பேக்கரை எடுத்தது. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் அவர். 2010-இல் குதிகால் தசைநாண் அறுந்தது, பிலடெல்பியாவுக்குப் போன பிறகு 2014-இல் இன்னொரு முறை. ஆட்டம் சீக்கிரமே முடிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் கீழ்நிலைப் பயிற்சியாளராகத் தொடங்கி, தடுப்பாட்டம் முழுவதற்கும் பொறுப்பேற்று, 2023-இல் அதே ஹூஸ்டனுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். முந்தைய சீசனில் மூன்றே ஆட்டங்களில் வென்றிருந்த அணி, அவர் வந்த முதல் ஆண்டிலேயே பத்து ஆட்டங்களில் வென்று பிளே ஆஃபுக்குப் போனது.